வெந்நீரின் பதம்

நடவுக்குப் போகும் பெண்களுக்குச் செருப்பு அளவெடுப்பது எளிதல்ல. தாள்மேல் நிற்க வைத்துப் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைய வேண்டும். பென்சில் பட்டதும் கூச்சத்தில் சிரிப்பார்கள். சிரிக்காமல் நின்றவர்களைத்தான் நம் ஆய்வில் சேர்த்தோம். சர்க்கரை நோய் அவர்கள் காலின் உணர்ச்சியைத் தின்றிருந்தது.

டாக்டர் அம்மா, என் சின்னம்மா கொளஞ்சியின் காலுக்கு என்ன ஆயிற்று என்று எழுத்தில் கேட்டிருந்தீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கு அப்படித்தான் எழுத வரும்.

2008இல் சிதம்பரத்திலிருந்து நாம் அனுப்பிய முன்னோட்ட ஆய்வு நிதி விண்ணப்பம் திரும்பி வந்தது. மெத்தைச் செருப்பு போட்டால் புண் வராது என்பதற்குச் சிறு சான்றாவது வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். நீங்கள் அன்று சாப்பிடவில்லை. அடுத்த முறையும் நிதி இல்லையென்றால் பாத சிகிச்சைப் பிரிவையே மூடிவிடுவோம் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது.

மறு ஆண்டு குமராட்சிப் பக்கம் எங்கள் ஊரிலேயே பாதிப் பெண்களுக்குச் செருப்பு கொடுத்தோம், மீதிப் பேருக்குக் கொடுக்கவில்லை. வாரந்தோறும் போய்ப் பார்ப்பது என் வேலை. சின்னம்மா செருப்பு கிடைக்காதவர். தெருவையே பேசிச் சம்மதிக்க வைத்தவரும் அவர்தான்.

மழைக்காலம் முடியப்போகிறது, யாருக்கும் புண் இல்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களோடு செருப்பைப் பங்கு போட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு ஞானாம்பாளின் செருப்பு ஒருநாள் விட்டு ஒருநாள் சின்னம்மா காலில் இருந்தது. அப்படிச் செய்யக்கூடாது என்றேன்.

"மாத்திரையவா பங்கு போட்டோம்? செருப்புதானப்பா. அவ காலு மட்டும் காலு இல்லியா?" என்றார் ஞானாம்பாள்.

"எங்க ரெண்டு பேருக்கும் ஒரே அளவுடா, வாத்துக் காலு" என்று சின்னம்மா சிரித்தார்.

விண்ணப்பத்தில் எழுத என்னிடம் எதுவும் இல்லை.

ஒரு சாயங்காலம் போனபோது சின்னம்மா நடவிலிருந்து வந்து வெந்நீர் போட்டு வாளியில் ஊற்றியிருந்தார். கால்வலிக்கு அங்கே அதுதான் வைத்தியம். கால் மரத்தவர்கள் தாமே சூடு பார்க்கக்கூடாது, உணர்ச்சி உள்ளவர் ஒருவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று வீடுவீடாகக் கற்றுக்கொடுத்தவன் நான். சின்னம்மா அதை மறக்கவில்லை.

"அரசு, பதமா இருக்குதா பாருடா."

கையை விட்டேன். விட்டவுடன் எடுத்துக்கொண்டேன். பதமாகத்தான் இருக்கிறது என்றேன்.

அவர் வலது காலை உள்ளே வைத்தார். "சூடு ஒண்ணுந் தெரியல. ஆனா மனசுக்கு எதமா இருக்குதுடா."

பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் எந்த வயலெல்லாம் நடவு பாக்கி என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். இடது காலை வைக்கப் போனபோது, தண்ணீர் ஆறட்டும் என்று தடுத்தேன். ஒரு கால் போதும் என்று தோன்றியது. நான் ஈவு இரக்கம் இல்லாதவன் அல்ல.

மறுநாள் கொப்புளம் கண்டிருந்தது. கொப்புளம் விண்ணப்பத்துக்குப் போதாது. ஆஸ்பத்திரிக்கு அவசரமில்லை, நானே மருந்து போடுகிறேன் என்று துணி கட்டிவிட்டேன். அது உடைந்து குழி விழுந்த பிறகு படம் எடுத்தேன். அதற்கும் பிறகுதான் உங்களிடம் அழைத்து வந்தேன். வெறுங்காலில் நடந்து கல் கிழித்தது என்று உங்களிடம் சொன்னது பொய்.

கடலூரில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கட்டிலருகே நான் அழுதேன், அது நடிப்பு அல்ல. சின்னம்மா என் தலையைத் தடவினார்.

"நீ அழுவாதடா. செருப்ப மாத்திப் போடாதீங்கன்னு நீ படிச்சிப் படிச்சி சொன்ன. நாங்கதான் கேக்கல."

நான் மறுத்துப் பேசவில்லை. வலியோடு இருப்பவரிடம் வாக்குவாதம் செய்வது முறையல்ல.

அந்தப் படத்தோடு விண்ணப்பம் போயிற்று, நிதி வந்தது. சின்னம்மா அடுத்த தை மாதம் போய்விட்டார். இன்று நம் செருப்பு அண்ணாகிராமம் வரை போகிறது. எத்தனையோ பெண்கள் இரண்டு காலோடு நடக்கிறார்கள். சின்னம்மா யாருக்கும் இல்லை என்று சொல்லி நான் பார்த்ததில்லை. கேட்டிருந்தால் அந்தக் காலைத் தானே நீட்டியிருப்பார். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை.