இரண்டு பேருக்கு ஒரு போன்

“ஒரு போனுக்கு ரெண்டு பொண்டாட்டியாடி நாம?” என்று ஜாஸ்மின் ஒருமுறை என்னிடம் கேட்டாள். எனக்குச் சிரிக்கத்தான் தெரிந்தது. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை.

பென்னலூரில் இருவரும் ஒரே அறையில் இருந்தோம். ஒரகடத்தில் ஒரே கம்பெனி, வேறு வேறு ஷிஃப்ட். வேலை செய்யும் இடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் ஆளுக்குப் பாதி பணம் போட்டு ஒன்றே ஒன்று வாங்கினோம். நம்பர் என் பெயரில். நான் வேலைக்குப் போனால் போன் அவளிடம் இருக்கும், அவள் போனால் என்னிடம். பக்கத்து அறைப் பெண்களும் இப்படித்தான் வைத்திருந்தார்கள்.

வல்லக்கோட்டையில் அப்பாவுக்கு மிஞ்சிய துண்டு நிலத்தில் வீடு கட்ட வங்கியில் கடன் கேட்டேன். மழை வந்தால் அம்மா இப்போதும் பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போகிறாள். வங்கி அதிகாரி என் கடன் அறிக்கையைத் திருப்பிக் காட்டினார். என் பெயரில் மூன்று கடன்கள். எதுவும் கட்டப்படவில்லை. நான் கடனே வாங்கியதில்லை.

பத்தாவதோடு நின்றவள் என்றாலும் எதையும் ஒழுங்காகப் படிப்பேன். வருடத்துக்கு ஒருமுறை அறிக்கையை இலவசமாக வாங்கிப் பார்க்கலாம். தவறு இருந்தால் அறிக்கை தரும் கம்பெனியிடம் புகார் கொடுக்கலாம். முப்பது நாளுக்குள் சரிசெய்யாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் நமக்கு நூறு ரூபாய் தரவேண்டும். நல்ல சட்டம். புகார் கொடுத்தேன்.

காத்திருக்கும்போதுதான் யோசனை வந்தது. ஓடிபி இல்லாமல் கடன் கிடைக்காது. ஓடிபி போனுக்குத்தான் வரும். நான் வேலையில் இருக்கும்போது போன் யாரிடம்?

நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படுத்திருந்த ஜாஸ்மினிடம் கேட்டேன்.

“லூசாடி நீ? லோன் வாங்கியிருந்தா இந்த வூட்ல ஃபேன் இல்லாம வெந்துகினு கெடப்பேனா?” சிரித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். “போய் டீ போடு. எனக்கும் சேத்து.”

டீ போட்டேன். அடுப்பை அணைத்து, சின்ன சிலிண்டரைத் தனியாகக் கழற்றினேன். கேஸ் கசியாமல் பார்த்துக்கொண்டேன். முதல் அடி அவள் காதுக்கு மேலே விழுந்தது. அவள் என் பெயரைப் பாதி சொன்னாள். மீதி அடிகளில் முகம் என்று ஒன்று இல்லாமல் போனது. தலையணை உறிஞ்சியதுபோகத் தரையில் ஓடியதைப் பழைய நைட்டியால் துடைத்தேன். என் டீயைக் குடித்தேன். அவளுடையதை மூடி வைத்தேன். மதிய ஷிஃப்டுக்குப் போய் அன்றைய டார்கெட்டை முடித்துக்கொடுத்தேன். போனை அவள் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனேன். அது அவள் முறை.

புகாருக்குப் பதில் வந்தபோது போன் போலீசிடம் இருந்தது. வக்கீல்தான் வந்து சொன்னார். குன்றத்தூரில் இன்னொரு சசிரேகா இருக்கிறாளாம். பிறந்த தேதியும் என்னுடையதே. அவள் கடன்களை என் கணக்கில் சேர்த்துவிட்டார்களாம். எடுத்துவிட்டார்கள். இப்போது என் அறிக்கையில் ஒரு குறையும் இல்லை.

போன வாரம் ஜாஸ்மினின் அம்மா சிறைக்கு என்னைப் பார்க்க வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவருக்கு எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினேன்.

“தப்பு அந்த ரிப்போர்ட் கம்பெனிக்காரங்க மேலதான்மா. கெடு தாண்டி லேட்டாத்தான் சரி பண்ணாங்க. அதுக்குப் பணம் வரும். போன் வாங்கினப்போ மாதிரி இதுலயும் பாதி ஜாஸ்மினோடது. உங்க கையில குடுக்கச் சொல்றேன்.”

பாதி குறைவு என்று நினைத்தாரோ என்னவோ, எழுந்து போய்விட்டார்.