முழங்கால் தரையைத் தொடக் கூடாது

பேசுகிறவரின் நேரத்தைவிடப் பேசாதவரின் பயத்தைக் கூர்ந்து கவனிக்கும் அவைத்தலைவர் அவர்களே! உறைந்த விரல்களுக்கு உயிரூட்டும், ஒடுங்கிய நாவுக்கு ஓசை பழக்கும், தளர்ந்த கால்களுக்குத் தடம் காட்டும் என் தொழில்தோழர்களே! சக்கர நாற்காலியில் வந்து அவையைச் சிறப்பித்திருக்கும் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் கவலையை நெஞ்சிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில் கைபேசியை உயர்த்திப் பிடித்திருக்கும் நீலச்சட்டை நண்பரே, உங்களுக்கும் வணக்கம்! நிறுவனம் அனுப்பி வந்தீர்களா, நீங்களாக வந்தீர்களா, கேட்க மாட்டேன். பாதியில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள். முக்கியமானது கடைசியில்தான் வருகிறது.

நாளைக் காலை பத்து மணிக்குத் தொழிலாளர் ஆணையம் கடைசி விசாரணை நடத்தி ஒரு கேள்விக்கு முடிவு சொல்லப் போகிறது. இதோ, முதல் வரிசையில் வலது கையைக் கட்டுத்துணியில் தாங்கி உட்கார்ந்திருக்கிறாளே, நாமெல்லாம் 'புயல்' என்று கூப்பிடும் நம் இயன்முறை மருத்துவர், அவள் நம்மை வீடுவீடாகச் சிகிச்சைக்கு அனுப்பும் அந்த நிறுவனத்தின் ஊழியரா, சுயதொழில் செய்பவரா? ஊழியர் என்றால் அவளுக்குச் சிகிச்சை உண்டு, குணமாகும்வரை விடுப்பு உண்டு, திரும்பி வந்தால் வேலை உண்டு. சுயதொழில் என்றால்? தோள் அவளுடையது, வலியும் அவளுடையது, கதவு மட்டும் அவர்களுடையது. சாத்திக்கொள்வார்கள்!

ஒப்பந்தத்தைப் படித்தால் நமக்கே நம்மேல் பொறாமை வரும் ஐயா! 'தம் சொந்த முடிவின்படி பணியாற்றும் சுதந்திரத் தொழில்முறையாளர்' என்று எழுதியிருக்கிறார்கள். என்ன சுதந்திரம்! சீருடை அவர்கள் கொடுத்தது. எந்த வீடு, எந்த நேரம் என்பது அவர்கள் செயலி சொல்வது. நாற்பதாவது நிமிடம் மணி அடித்துவிடும். நோயாளி அப்போதுதான் முதல் சொல்லைச் சொல்ல வாயைத் திறந்திருப்பார். "பிள்ளைக்குக் காய்ச்சல், இன்னிக்கு வர முடியாதுங்க" என்று ஒரேயொரு நாள் சொன்ன பேச்சுப் பயிற்சியாளருக்கு மறுவாரம் ஒரு வீடுகூட வரவில்லை. சிரிக்கிறீர்கள். சிரிக்கிறவர்களில் பாதிப்பேருக்கு அது நடந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

புயலுக்கு அடிபட்ட அன்று நடந்ததைக் கேளுங்கள். வாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்த ஒரு பெரியவர். ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், ஆள் ஆஜானுபாகு. கட்டிலிலிருந்து குளியலறை வரை ஒரு குறுகிய நடை. புயல் அவர் இடுப்புப் பட்டையைப் பிடித்தபடி பக்கத்திலேயே நடக்கிறாள். பத்தடி நடந்துவிட்டார். "இன்னும் ரெண்டே அடிங்கப்பா" என்கிறாள். பதினோராவது அடியில் முழங்கால் மடங்கியது.

அந்த நேரத்தில் நாம் என்ன செய்ய வேண்டும்? சொல்லுங்கள்! ஆமாம், எல்லோரும் சொல்கிறீர்கள். தாங்கக் கூடாது. ஒரு காலை முன்னே வைத்து, அவரை நம் பக்கம் சாய்த்து, நம் தொடைமீது சறுக்கவிட்டு, மெல்லத் தரையில் உட்கார வைக்க வேண்டும். முதலாமாண்டு மாணவிக்குத் தெரிந்த பாடம் இது. பதினான்கு ஆண்டு அனுபவம் உள்ளவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் தாங்கினாள்! அவர் மனைவி ஓடிவந்து நாற்காலியைப் போடும்வரை, முழுப் பாரத்தையும் ஒரே தோளில் தாங்கினாள். தசைநார் கிழிந்தது. இன்று அவளால் தன் மகளுக்குத் தலை பின்னிவிட முடியவில்லை.

முதல் விசாரணையில் நிறுவனத்தின் வழக்கறிஞர் என்ன சொன்னார் தெரியுமா? "தொழில் தெரிஞ்சவங்க கீழ இறக்கி விட்டிருப்பாங்க. இவங்களா முடிவு பண்ணித் தப்பாத் தாங்கினாங்க. நாங்க எப்படிப் பொறுப்பாக முடியும்?" அவளாக முடிவு செய்தாளா? அந்தக் கையை யார் பிடித்து வைத்திருந்தது? அந்தக் காலை யார் கட்டிப்போட்டது?

போன ஆண்டு நம் எல்லோருடைய கைபேசிக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. 'நோயாளியின் முழங்கால் தரையைத் தொட்டால் அது விழுந்ததாகவே கொள்ளப்படும். சிகிச்சையாளர் பெயர் இரண்டு வாரம் பட்டியலிலிருந்து நீக்கப்படும்.' படித்தீர்களா இல்லையா? படித்தீர்கள். நானும் படித்தேன். விபத்து நடந்த மறுநாள் அந்தச் செய்தி செயலியிலிருந்து மாயமாய் மறைந்துவிட்டது. "அப்படி ஒண்ணு வரவே இல்லை" என்று ஆணையத்தில் அடித்துச் சொல்கிறார்கள். வேலையை எப்படிச் செய்வது என்று சொன்னவர் யாரோ அவரே முதலாளி, அதுதான் விதி. அந்த ஒரு வரி வந்தது என்று நிரூபித்தால் அவள் ஊழியர். நிரூபிக்காவிட்டால் அவள் யாரோ எவரோ. நாளையோடு வாய்ப்பு முடிகிறது. சாட்சி சொன்னால் வீடுகள் வராது என்று நம் எல்லோருக்கும் சூசகமாகச் சொல்லியாயிற்று. இதுவரை சாட்சி யாரும் இல்லை.

நீலச்சட்டை நண்பரே, இப்போது நன்றாகப் பிடியுங்கள்.

அந்த வரியை எழுதியவள் நான்.

சத்தம் போடாதீர்கள், சொல்லி முடிக்கிறேன். எனக்கு 'ஒருங்கிணைப்பாளர்' என்று ஒரு பட்டம் கொடுத்திருந்தார்கள். பட்டம்தான், வேறொன்றுமில்லை. மேலாளர் கூப்பிட்டு, "விழுந்துட்டாங்கன்னு நிறையப் புகார் வருது மேடம். நீங்க அனுபவசாலி, ஒரு வரி எழுதிக் குடுங்க" என்றார். அனுபவசாலி என்றதும் உச்சி குளிர்ந்துவிட்டது. தேநீர் ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்தேன். இறக்கிவிடுவது வேறு, விழவிடுவது வேறு என்று நூறு மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்த நான், இரண்டையும் ஒரே வரியில் ஒன்றாக்கினேன். என் மின்னஞ்சலில் அந்த வரைவு இருக்கிறது, "அப்படியே அனுப்பிடலாம்" என்ற மேலாளரின் பதிலும் இருக்கிறது. விபத்து நடந்ததிலிருந்து ஏழு மாதமாக வைத்துக்கொண்டு வாய்மூடி இருந்தேன். பயந்தேன். வேறு காரணம் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தங்கச்சி, உன் முகம் பார்த்துத் தனியாகச் சொல்லத் தைரியம் வரவில்லை. அதனால் ஊரறியச் சொல்கிறேன். எழுந்துவிட்டாய். வெளியே போவதென்றால் போம்மா, தடுக்க எனக்கு யோக்கியதை இல்லை.

மேடைக்கா வருகிறாய்? வழி விடுங்கள் ஐயா, அந்தத் தோளில் இடித்துவிடாதீர்கள். என்னம்மா? மைக்கிலேயே சொல். வேண்டாமா? சரி, நானே சொல்கிறேன்.

"மன்னிக்கிறதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்க்கா. என்னால இப்ப முடியாது. நாளைக்கு வந்து இதையே அங்க சொல்லுங்க" என்கிறாள்.

வருகிறேன் தங்கச்சி. என் பெயர் பட்டியலிலிருந்து போனாலும் வருகிறேன், என்மேலேயே குற்றம் திரும்பினாலும் வருகிறேன்! வரைவு எழுதியதற்கு நான் சாட்சி. அது வந்து சேர்ந்ததற்கு யார் சாட்சி? தோழர்களே, எழுதிய கை ஒன்று, படித்த கண்கள் இங்கே இருநூறு! எத்தனை பேர் என்னோடு ஆணையத்தின் படியேறுவீர்கள்?

ஒருவர். அங்கே பேச்சுப் பயிற்சியாளர் அம்மா, இரண்டு. மூன்று, நான்கு... இன்னும் எழுகிறார்கள், எண்ண முடியவில்லை. நீலச்சட்டை நண்பரே, நீங்கள் ஏன் கைபேசியை இறக்கிவிட்டீர்கள்? உங்களுக்கும் எங்களைப் போல அதே ஒப்பந்தம்தானா? அப்படியானால் நீங்களும் வாருங்கள்.

பொறுத்துக் கேட்ட அவைக்கும், பேசவிட்ட தலைவருக்கும், போகாமல் நின்ற என் தங்கைக்கும் தலைதாழ்ந்த நன்றி. காலை ஒன்பதரைக்கு ஆணையத்தின் வாசலில் நிற்பேன். வணக்கம்.