மெதுவாகப் பாடக் கூடாத பாட்டு

— அந்த போன் வீடியோவ நிப்பாட்டுங்க ஸியாம் தம்பி. இல்லாட்டி என்னைய இங்கயே எறக்கி விட்டுடுங்க.

— உக்குவளை ரெயில்வே கேட்டுல எறங்கி எங்க போகப் போறீங்க சந்திரக்கா? ஒங்கட புருஷன் ட்ரம் செட்டோட நாவுல டவுனுக்குப் போய்ச் சேந்திருப்பாரு. பாட்டுக்காரி இல்லாம கலியாண ஹோல்ல நான் என்னத்தச் செய்ய? கீபோர்ட தலையில வச்சு ஆடவா?

— வேற பாட்டுப் பாடுறேன். எது கேட்டாலும் பாடுறேன். இது மட்டும் வேணாம்.

— அல்லாவே! இது ஒங்கட பாட்டு. "ஏலக்காப் புள்ள"ன்னா மாத்தளை முழுக்க சந்திரகாந்தாட பேரத்தானே சொல்லுது.

— நம்ம எப்பவும் பாடுற மாதிரின்னா பாடுறேன். வேகமா.

— மாப்பிள்ள வீட்டுல வேகமா கேக்கலயே. வீடியோவுல இந்தப் புள்ள பாடின மாதிரி மெதுவா வேணுமாம். அது புதுசா கூட்டிப் பாடுற மூணாவது சரணமும் வேணுமாம். காலயில இருந்து போன் கோல் மேல கோல்.

— முடியாதுன்னு சொல்லுங்க.

— சொல்லிப் போட்டு? பாட்டுக்காரிக்கே அவட பாட்டு வராதாம்னு கதை கட்டுவானுகள். இப்பவே ரெண்டு எடத்துல இந்த ரத்தொட்டை ஊர்ப் புள்ளயக் கூப்பிடலாமான்னு கேக்குறாங்க. நாங்க மியூசிக் பேண்ட மூடிட்டு கோழி வளக்குறதா? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க, பொறாமதானே?

— பொறாமையா! இந்தப் பாட்ட எத்தன பேர் பாடிட்டாங்க. நான் என்னிக்காவது வாயத் தொறந்தேனா?

— அது மெய்தான். கொழும்புக் கூட்டம் சிங்களத்துல பாடினப்ப நான்தான் வழக்குப் போடுவேன்னு குதிச்சேன். நீங்க சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க.

— நல்லாத்தானே பாடினாங்க.

— பொறகு கண்டிப் பொடியனுகள் அத ரெப் பாட்டாக்கினானுகள். ஏலக்காய எடுத்துப் போட்டு அந்த எடத்துல கால்ல போடுற சப்பாத்த வச்சானுகள்! எலெக்ஷனுக்கு ஒருத்தர் தன்ட பேர வச்சுப் பாட வச்சாரு. அவர் தோத்துட்டாரு, பாட்டு தோக்கல. இப்ப தெருத்தெருவா பாண், பன் விக்கிற வண்டிக்காரனும் அதத்தான் போட்டுக்கிட்டு வாறான். என்ட மகளுக்கு அது பாண் பாட்டு. வாப்பா போட்ட பாட்டுன்னா நம்ப மாட்டேங்குறா.

— எல்லாரும் வேகமா பாடினாங்க. ஆடுற மாதிரி பாடினாங்க. எனக்கு ஒண்ணும் ஆகல.

— மெதுவா பாடினா என்ன ஆகுது?

— வண்டிக் கண்ணாடிய எறக்குங்க.

— எறக்கித்தான் ஈக்குது. இந்தாங்கக்கா, தண்ணி குடிங்க.

— கேட்ட மூடி எவ்வளவு நேரம், இந்த ரெயில் கோச்சி எப்பதான் வரும்?

— அது வாற நேரம் வரும். பேச்ச மாத்தாதீங்க.

— சரி, மாத்தல. அந்த மெட்டு ஒங்களுக்கு எப்படிக் கெடச்சுது, சொல்லுங்க.

— ரேடியோவுல கேட்டாலும் இதத்தானே சொல்றேன். நீங்களும் நிமலனும் ஓடி வந்து எங்கட வீட்டுப் பின் அறையில இருந்தீங்க. நீங்க கெணத்தடியில சட்டி கழுவிக்கிட்டு எதையோ முனகினீங்க. நான் கீபோர்ட்டுல புடிச்சு பைலா ஆட்டத் தாளத்தப் போட்டேன். நிமலன் துள்ளி எழும்பி வார்த்த எழுதினாரு.

— நான் என்னத்த முனகினேன்னு யாருமே கேக்கல.

— தோட்டத்துப் பாட்டு ஏதோன்னு நெனச்சேன்.

— தோட்டத்துப் பாட்டுதான். ஓடி வந்த அதே கெழமையில மனசு கேக்காம வீட்டுக்குப் போனேன். அம்மா கால்ல விழுந்துடலாம்னு. தேயில மலையில ஏறும்போதே தப்புச் சத்தம் கேக்குது. லயத்து வீடுகள்ல யாரோ செத்துட்டாங்கன்னு பதறிக்கிட்டு ஓடினேன்.

— இன்னாலில்லாஹி. யாரு?

— வாசல்ல என் படம். ஸ்கூல் வெள்ளச் சட்டையோட. மாலை போட்டு, வெளக்கு ஏத்தி வச்சிருக்காங்க. வேற சாதிக்காரனோட போனவ செத்தவளாம். எங்க அம்மா மாருல அடிச்சுக்கிட்டு எனக்கு ஒப்பாரி வைக்கிறாங்க தம்பி. நான் தேயிலச் செடிக்குப் பின்னால குந்திக்கிட்டு அதக் கேட்டேன்.

— அக்கா… இத நிமலன்கிட்ட கூட சொல்லலயா?

— சொன்னா அவரு அந்தப் பாட்டத் தொட்டிருப்பாரா? மெட்டு நாக்குல ஒட்டிக்கிச்சு, துப்பவும் முடியல, முழுங்கவும் முடியல. நீங்க தாளம் போட்டு அத ஆட்டமாக்கினப்பதான் அப்பாடான்னு இருந்துச்சு. என் சாவுக்கு ஊரே ஆடுது, நல்லா ஆடட்டும்னு பாடினேன். மெதுவா பாடினா நான் மறுபடியும் பொணந்தான்.

— ஒரு மவுத்து வீட்டுப் பாட்டுக்கு நான் பைலா போட்டிருக்கேன்.

— அதுலதான் நான் பொழச்சேன். அத விடுங்க.

— அப்ப இந்தப் புள்ள? வீடியோவுல நிரஞ்சனின்னு பேர் போட்டிருக்குது.

— என் தம்பி மக. மொகத்தப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு, அவனேதான். அந்த மூணாவது சரணம் என் புருஷன் எழுதினது இல்ல. அம்மாவோட ஒப்பாரி, அப்படியே. இத்தன வருஷம் கழிச்சு மறுபடியும் எனக்கு எழவு கொண்டாடுறாங்க. இந்தத் தடவ போன்ல, நாடே கேக்குற மாதிரி. அத நானே மைக்கப் புடிச்சுப் பாடணுமா?

— நீங்க அத முழுசா கேட்டீங்களா?

— கேக்க என்ன இருக்கு? "பாலு காச்சி வச்சேனே, என் மகளே, பருகாமப் போனாயே. சீல மடிச்சு வச்சேனே, என் மகளே, உடுத்தாமப் போனாயே." அவ்வளவுதான். அதுக்கப்புறம் எல்லாரும் தலமுழுகப் போனாங்க.

— இல்லக்கா. இன்னும் வரி ஈக்குது.

— கெடயாது. நான் அங்க இருந்து கேட்டவ.

— கோச்சி போயிட்டுது, கேட்டத் தொறக்குறான். ஒரே ஒரு தரம் கேளுங்க. கேட்டுப் போட்டு வேணாம்னா வண்டியத் திருப்புறேன். நாவுலயும் வேணாம், ஒண்ணும் வேணாம்.

— சரி. போடுங்க.

— "படத்தக் கழட்டி வச்சேனே, என் மகளே, பாதையில நிக்கிறேனே…" இதுதான். கேட்டீங்களா?

— திரும்பப் போடுங்க.

— பின்னால ஹோன் அடிக்கிறானுகள் அக்கா.

— அடிக்கட்டும். போடுங்கன்னு சொல்றேன்ல.

— இந்தாங்க. ஆனா இந்த எடத்துல மட்டும் கொரல ஏதோ செஞ்சிருக்காங்க. வயசாளி மாதிரி ஒடையுது பாருங்க. கம்ப்யூட்டர்லதான் செஞ்சிருப்பாங்க.

— கம்ப்யூட்டர் இல்ல தம்பி. அது எங்க அம்மா.