கேட்டுக்கொண்டிருந்த ஓம்

— வேண்டாம் ஆன்ட்டி, நான் வார்டுக்குள்ள வரல. இந்தப் பழத்தை மட்டும் நீங்க குடுத்துடுங்க. யார் குடுத்தாங்கன்னு சொல்லாதீங்க.

— நானும் இன்னும் உள்ளுக்குப் போகேல்லைத் தம்பி. விடியத் தொடக்கம் இந்தக் கதிரையிலதான் இருக்கிறன். உங்கட முகத்தை எங்கேயோ கண்டமாதிரிக் கிடக்கு. அண்டைக்கு கிரவீன் ஹோலில எங்கட சீனியர்ஸ் கூட்டத்துக்கு வந்து படம் போட்டுக் காட்டின கவுன்சில் எஞ்சினியர் எல்லோ?

— ஆமா ஆன்ட்டி. பிரசன்னா. பஸ் ஸ்டாப்பை அந்த ஏத்தத்துக்கு மேல கொண்டுபோய் வைக்கச் சொல்லி எழுதினவன் நான்தான்.

— நான் விமலாதேவி. உள்ளுக்குப் படுத்திருக்கிறது என்ர சிநேகிதி யோகராணி. இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு. நாளைக்கு ஒப்பரேசன்.

— புது ஸ்டாப்புக்கு நடந்து போறப்ப விழுந்தாங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. அதைக் கேட்டுட்டுதான் பழம் வாங்கிட்டு வந்தேன்.

— ஓம், சீனியர்ஸ் கூட்டம் முடிஞ்சு ஏத்தத்தில ஏறிப் போகேக்கதான். அதில நடைபாதை இல்லை, புல்லுத்தானே. மழைக்குச் சறுக்கிப்போட்டுது.

— அந்த ஏத்தத்தை நான் பாக்காம எழுதலை ஆன்ட்டி. பாத்தேன். கார்ல போய்ப் பாத்தேன், நடந்து ஏறிப் பாக்கல. இப்ப அதுதான் உறுத்துது.

— பழைய இடம் ஆபத்து எண்டு சொன்னியள். அது பொய்யோ?

— பொய் இல்ல. அது வளைவு. நிக்கிற பஸ் பின்னால வர்ற காருக்குத் தெரியாது. அந்தக் கணக்கு இப்பவும் சரிதான். ஆனா ஏறி நடக்கிறவங்க யாரு, அவங்களால முடியுமா, அது என் கணக்குல இல்ல. அதைக் கேக்கத்தான் உங்க ஹாலுக்கே வந்தேன். நீங்க எல்லாரும் சரின்னீங்க.

— ஆர் சரி எண்டது?

— எல்லாரும்தான் ஆன்ட்டி! ஒவ்வொரு படத்துக்கும் "ஓம், ஓம்"னு தலையை வேற ஆட்டினீங்க. ஓம்னா ஆமான்னு எனக்குத் தெரியும். ஹோம்புஷ்ல என்கூட வீடு ஷேர் பண்ணினவன் யாழ்ப்பாணத்துக்காரன். மொழிபெயர்ப்பாளர் வேணுமான்னு ஆபீஸ்ல கேட்டாங்க. நானே தமிழன்தானே, நான் பாத்துக்கிறேன்னுட்டேன்.

— ஐயோ தம்பி! அது கேட்டுக்கொண்டிருக்கிறம் எண்ட ஓம். ஆரும் கதைக்கேக்க நீங்கள் ம் கொட்டுறேல்லையோ? அந்த மாதிரித்தான் நாங்கள் ஓம் போடுறது. லண்டனில இருந்து என்ர தங்கச்சி போன் எடுத்துத் தன்ர மனுசனைத் திட்டேக்கயும் நான் ஓம், ஓம் எண்டுதான் இருக்கிறனான். அதுக்காக அந்த மனுசன் கூடாதவன் எண்டு நான் கையெழுத்து வைச்சதோ?

— யாருமே எனக்கு அதைச் சொல்லலையே ஆன்ட்டி.

— நீங்களும் கேக்கேல்லை. "புரிஞ்சுதா, புரிஞ்சுதா" எண்டு கேட்டியள். விளங்கினதுதான். விருப்பமோ எண்டு ஒருக்காலும் கேக்கேல்லை.

— கேக்கல. அறிக்கையில "சமூகத்தின் முழு ஆதரவு"ன்னு எழுதிட்டேன்.

— எங்களிலயும் பிழை இருக்குத் தம்பி. கணினியும் கலர்ப் படமுமா வந்து நிண்டியள். படிச்சவை சொன்னாச் சரியாத்தான் இருக்கும் எண்டு... சும்மா இருந்திட்டம்.

— அன்ரி! நேர்ஸ் சொன்னா, நீங்கள் காலமையே வந்திட்டீங்களாம். ஏன் உள்ளுக்கு வரேல்லை? அம்மா உங்களைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறா. இவர் ஆர்?

— வா வினுஷா. தம்பி, இது யோகராணியின்ர மகள். பிள்ளை, இவர்... அம்மாவைப் பாக்க வந்த தம்பி.

— மறைக்க வேண்டாம் ஆன்ட்டி. நான் பிரசன்னாங்க. கவுன்சில் டிராஃபிக் எஞ்சினியர். உங்க அம்மா விழுந்ததுக்கு நான்தான்...

— ஓ, நீங்களா அது? மன்னிப்பு எல்லாம் பிறகு. பின்னேரம் கவுன்சில் மீற்றிங் இருக்கு. நான் அங்க கதைக்கப் போறன். எங்கட ஆக்களைக் கேக்காமலே "சமூகத்தின் முழு ஆதரவு" எண்டு எழுதிப்போட்டினம் எண்டு சொல்லப் போறன்.

— சொல்லுங்க. நானும் வர்றேன். தப்பா எழுதிட்டேன்னு எல்லார் முன்னாடியும் சொல்றேன். வேலை போனாப் போகட்டும். ஆனா கேக்காம எழுதலைங்க. அரைகுறையா கேட்டேன். அவ்வளவு பேர்ல ஒரே ஒருத்தர் எந்திரிச்சு "எங்களால முடியாதுப்பா"ன்னு சொல்லியிருந்தாக்கூட, சத்தியமா அந்த வரியை எழுதியிருக்க மாட்டேன்.

— அதுதான் விசயம். அதைத்தான் நானும் அம்மாவைக் கேட்டனான். ஸ்டொப்பைத் தூக்கின அண்டைக்கு, இனி ஹோலுக்கு என்னெண்டு போறது எண்டு அழுதவ. நான் கத்தினனான் அன்ரி. "இது டெமோக்ரசி அம்மா. எஞ்சினியருக்கு உங்கட முழங்கால் நோவு தெரியுமா? நீங்கள் வாயைத் திறக்காட்டி இது உங்கட பிழைதான், இற்ஸ் யுவர் ஓன் ஃபோல்ற்" எண்டனான். அவ குசினிக்குள்ள போய்ச் சட்டி கழுவத் தொடங்கிட்டா.

— பிள்ளை, அதை விடு...

— விடேலாது அன்ரி. நேற்று அம்புலன்சில ஏத்தேக்கயும் என்ர தலைக்குள்ள அதுதான். ஏத்தத்தில விழுந்து கிடக்கிற மனுசியைப் பாத்து உங்கட பிழை எண்டு சொன்னமாதிரி. மீற்றிங்கில என்னைக் கேப்பினம், உம்மட அம்மா அண்டைக்கு ஏன் எழும்பிக் கதைக்கேல்லை எண்டு. நான் என்ன சொல்லுறது? அம்மாவுக்குப் பக்கத்தில நீங்கள்தானே இருந்தனீங்கள்?

— ஓம்.

— மன்னிச்சுக்கோங்க ஆன்ட்டி, இனிமே கேக்காம இருக்க முடியாது. இது எந்த ஓம்?

— இது மெய்யான ஓம் தம்பி. பக்கத்தில நான்தான் இருந்தனான்.

— அப்ப சொல்லுங்கோ அன்ரி. அம்மா ஏன் ஒண்டும் சொல்லேல்லை?

— உன்னட்டைக்கூட அவ என்னைக் காட்டிக் குடுக்கேல்லை என்ன... அம்மா எழும்பினவ வினுஷா. "தம்பி, அந்த ஏத்தம் எங்களுக்கு ஏலாது" எண்டு சொல்லத்தான் எழும்பினவ. "படிச்ச பிள்ளை கதைக்கேக்க குறுக்கால கதைச்சு எங்கட மானத்தை வாங்காத, இரடி" எண்டு இவர் காண முதல் சீலையைப் பிடிச்சு இழுத்து இருத்தினது நான்.