கட்டையின் கனம்

பியானோ வாசிக்க விரல்கள் தேவையில்லை. மனித குலம் இத்தனை காலமாக இதைக் கவனிக்காமல் இருந்துவிட்டது. நான் கவனித்தேன், கல்லூரி கேன்டீனில், தேநீர் ஆறுவதற்குள். வாசிப்பது மனம்தான், விரல் வெறும் தபால்காரர். தபால்காரரை ஒரே தெருவில் நாள் முழுக்க நடக்கவிட்டால் அவருக்குக் கால் வலிக்குமே தவிர, கடிதம் நன்றாக எழுதப்பட்டுவிடாது.

இதைக் கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் கட்டுரையாகவும் எழுதினேன். படித்த பேராசிரியர் ஒருவர், "உனக்கு வாசிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது, அதனால்தான் எனக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்றேன்.

அண்ணே, நேற்று நீங்கள் எங்கள் வீட்டுக் கீபோர்டை விலைக்கு வாங்கும் முன் சரிபார்க்க வந்தீர்கள். ஒரு வரி வாசித்தீர்கள், கையை எடுத்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். "யாரு தம்பி டச்சை இப்படி மாத்தி வச்சது? பச்சைக் குழந்தை தொட்டாக்கூட அலறுதே" என்றீர்கள். அக்கா சமையலறையில் இருந்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். சுருக்கமாகச் சொன்னால், நான்தான். ஆனால் சுருக்கமாகச் சொன்னால் என் பக்க நியாயம் விட்டுப்போகும்.

அக்கா ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். பல் வலியோடு வருகிறவர்கள் டாக்டர் மேல் காட்ட முடியாத கோபத்தை முதலில் அவள் மேல் காட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அந்த நாற்காலியிலிருந்து எழுந்துபோக அவளுக்கு இருந்த ஒரே வழி இசைப்பள்ளி. அதன் நுழைவுத் தேர்வுக்கு வயது வரம்பு உண்டு. அவளுக்கு இது கடைசி வருடம்.

மாலையில் வந்ததும் முகம்கூடக் கழுவாமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவாள். இசை முழுவதும் அவள் காதுக்குப் போய்விடும். எங்களுக்கு மிஞ்சுவது கட்டைகள் இறங்கி ஏறும் சத்தம் மட்டும். பக்கத்து அறையில் யாரோ காய் நறுக்குவது போல இருக்கும். அதுவும் ஒரே காய்.

"அந்த ஒரு வரி உனக்கு என்னக்கா துரோகம் பண்ணுச்சு?"

"இடது கை பின்தங்குதுடா."

"கை இல்ல, மனசு. நீ வாசிக்கல, துணி துவைக்கிற."

"சரிங்க தத்துவம். கதவச் சாத்திட்டுக் கிளம்புங்க."

அம்மா கூடத்திலிருந்து, "ரெண்டு பேரும் ஒரு நாள் வாயையும் கையையும் வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க, வீடு எப்படி இருக்கும்னு நான் பாக்கணும்" என்பாள்.

கட்டையை எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு சத்தம் வர வேண்டும் என்று மாற்றிக்கொள்ள அந்தக் கீபோர்டில் டச் என்று ஒரு வசதி இருக்கிறது. உங்களுக்குத் தெரியாததா. அவள் வேலைக்குப் போயிருந்தபோது அதை ஒரு படி இலகுவாக்கினேன். நேர்மையான சோதனை. மனதோடு வாசிக்கிறவளாக இருந்தால் உடனே கண்டுபிடிப்பாள். கண்டுபிடித்தால் நான் தோற்றேன் என்று சுவர்ப் பத்திரிகையிலேயே எழுதத் தயாராக இருந்தேன். அவள் கண்டுபிடிக்கவில்லை. கொஞ்ச நாள் விட்டு இன்னொரு படி. பிறகு இன்னொன்று. அவசரப்படவில்லை. அவசரப்பட்டிருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

தேர்வுக்கு முன்பு சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். சொல்லப் போன அன்று அவளே என் அறைக்கு வந்துவிட்டாள்.

"கை இப்பதான்டா திறந்திருக்கு. தொட்டாலே வருது. நீ கேலி பண்ணப் பண்ண வெறி வந்து உட்கார்ந்தேன்ல, அதுல வந்திருக்கு."

அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது. இன்னொருவருடைய சந்தோஷத்தில் தலையிடுவது நாகரிகம் இல்லை. அவள் போனதும் டச்சைக் கடைசிப் படிக்குக் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகு படி இல்லை.

தேர்வுக்குத் துணைக்கு நான்தான் போனேன். அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நிஜப் பியானோ. அவள் தொடங்கியதும் பக்கத்துக் கட்டிடத்தில் யாரோ வாசிப்பது போல இருந்தது. சில சுரங்கள் வந்தன, சில வரவேயில்லை. பிறகு நின்றுபோனது. பிறகு அவள் அடிக்க ஆரம்பித்தாள். அதற்கு வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. "போதும்மா" என்று ஒரு குரல் மிகவும் மரியாதையாகச் சொன்னது.

வெளியே வந்து உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கட்டை இறங்கவே மாட்டேங்குதுடா" என்றாள். பதற்றம் என்றேன். பேருந்தில் வரும் வழியெல்லாம் மன ஒருமைப்பாடு பற்றி விளக்கிக்கொண்டு வந்தேன். அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். என் கருத்தை அவள் மறுக்காமல் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் திருப்தியாக இருந்ததை மறைக்க விரும்பவில்லை.

நிரம்பாத இடங்களுக்கு மறுதேர்வு உண்டு என்று இசைப்பள்ளியிலிருந்து தகவல் வந்தது. விரலில் பலம் போதவில்லை என்று அக்காவே முடிவு கட்டிக்கொண்டாள். ஹெட்போனின் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு கட்டைகளைக் குத்தினாள். காலையில் வேலைக்குப் போகும் முன், மாலையில் வந்த பின். டச்சைப் பழையபடி வைக்கலாம் என்று யோசிக்காமல் இல்லை. ஒரே நாளில் கட்டை கனத்துவிட்டால் ஏன் என்று கேட்பாள். கேட்டால் பதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு படியாக வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். செய்திருக்கலாம். அப்போது எனக்குக் கல்லூரியில் தேர்வு நடந்துகொண்டிருந்தது.

அவள் வெயில் காலத்தில் முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தாள். அம்மாதான் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். மணிக்கட்டு இரண்டும் வீங்கி, தொட்டால் சுட்டது. "பைத்தியக்காரி, சொல்ல வேண்டாமாடி" என்று அம்மா அவளை ஒரு அடி அடித்துவிட்டு, அடித்த இடத்தையே தடவிக்கொடுத்தாள். தசைநார் கிழிந்துவிட்டது, வீட்டு வேலைக்கு ஓரளவு கை திரும்பும், வாசிப்பை மறந்துவிடுங்கள் என்றார் கையைப் பார்த்த எலும்பு டாக்டர். மறுதேர்வு அன்று அவள் பல் டாக்டரின் தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள்.

நேற்று நீங்கள் வந்தபோது சமையலறையில் இருந்தாள் என்றேனே, பாட்டில் மூடியைத் திறந்து தரச் சொல்லி அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நீங்கள் எதுவும் விசாரிக்கவில்லை. டச்சைச் சரியான இடத்தில் வைத்தீர்கள். "அடுத்த வாரம் எடுத்துட்டுப் போக வருவேன். அதுக்குள்ள நீயே சொல்லிடு தம்பி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனீர்கள்.

நீங்கள் போனதும், சரியாகத்தான் வைத்திருக்கிறீர்களா என்று பார்க்க உட்கார்ந்தேன். அந்த வரி எனக்கு மனப்பாடம். எத்தனை மாதம் சுவர் வழியாக அதன் கட்டைச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன், அவளுடைய இசைத் தாளில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன். மனதுக்குள் ஒரு பிசிறு இல்லாமல் ஓடுகிறது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு எந்தக் கட்டை எங்கே என்று தேடித் தேடி அழுத்தினேன். எதிர்பார்த்ததை விடக் கட்டை கனம்.

கொஞ்ச நேரம் கழித்துத் தோளில் ஒரு முழங்கை இடித்தது. அக்கா. இரண்டு மணிக்கட்டிலும் டாக்டர் போட்ட கட்டுப்பட்டை.

"தத்துவம் துணி துவைக்க வந்தாச்சா?"

"சும்மா பாத்தேன்க்கா."

"அந்த ரூம்ல இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். மூணாவது விரல் முந்துது. இடது கை தூங்குது."

ஹெட்போன் என் காதில் இருந்தது. அவளுக்குக் கேட்டது கட்டைச் சத்தம் மட்டும்.

"அத வச்சே தெரியுமா?"

"தெரியாம? நான் என்ன கண்ண மூடிக்கிட்டா உட்கார்ந்திருந்தேன்?" கட்டிலில் உட்கார்ந்து கைகளை மடியில் போட்டுக்கொண்டாள். "ம், முதல்ல இருந்து. மெதுவா."

இன்று காலையும் உட்கார்ந்தேன். இப்போது மாலை. அவள் வேலையிலிருந்து வந்து, முகம் கழுவாமல், கட்டில் ஓரத்தில் காத்திருக்கிறாள். நான் அவளிடம் சொல்லாமல் இருக்கப்போவதில்லை, அண்ணே. இந்த வரி ஒரே ஒரு முறை சுத்தமாக வந்துவிட்டால், ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சொல்லிவிடுவேன்.

இன்னும் வரவில்லை. மறுபடி முதலிலிருந்து வாசிக்கிறேன்.