ஒரு குழலில் இரண்டு குண்டு

என் பெயர் நெல்டா ரூத் ஷ்ரீவ். வயது ஐம்பத்திரண்டு. காலஞ்சென்ற வெண்டல் ஷ்ரீவ் அவர்களின் மனைவி. மேற்கு வர்ஜீனியா மாநிலம், பக்ஹார்ன் க்ரீக் சாலையில், பழைய மரவாடிக்கு மேலே உள்ள வெள்ளை வீட்டில் தனியாக வசித்து வருகிறேன். தொடக்கப் பள்ளிச் சமையற்கூடத்தில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறேன். துணை ஷெரிஃப் ஹோலிஸ் க்ரம்லி கேட்க, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நான் சொல்வதாவது:

என் கணவர் இருந்தவரை வருடத்துக்கு இரண்டு மான் வீட்டுக்கு வந்துவிடும். அவர் இறந்து இரண்டு குளிர்காலமாக ஃப்ரீசர் காலியாகக் கிடக்கிறது. நவம்பர் வேட்டைப் பருவத்தில் வெளியூர்க்காரர்கள் மலையை நிறைத்துவிடுவதால் அதில் தனியாகப் போக எனக்கு மனமில்லை. ஆகவே, குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு மட்டும் டிசம்பரில் ஒதுக்கப்பட்ட வாரத்தில் போவதென்று முடிவு செய்தேன். அந்த வகைத் துப்பாக்கியை அதற்கு முன் நான் தொட்டதில்லை.

நவம்பர் இருபத்திரண்டாம் தேதி ஹோமர் பிங்க்லியின் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். அவர் மூன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று சிக்கிமுக்கிக் கல்லில் தீப்பிடிப்பது, வால்நட் கட்டை, பார்க்க அழகு. ஒன்று தொலைநோக்கி பொருத்தியது, என் ஒரு மாதச் சம்பளம். மூன்றாவது கறுப்பு பிளாஸ்டிக் கட்டை போட்டது, நடுவில் மடங்கும், பின்பக்கத் திருகைக் கையாலேயே கழற்றலாம். "முதல் துப்பாக்கிக்கு அழகு வேணாம் நெல்டா. மழையிலயும் வெடிக்கணும், கழுவுறதுக்குச் சுலபமா இருக்கணும். அவ்வளவுதான்" என்றார். அதன் பிறகு, எந்தத் துப்பாக்கியை வாங்கினாலும், யார் கொடுத்தாலும், முதலில் கெட்டிக்கும் கம்பியைக் குழலுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும் என்று செய்து காட்டினார். கம்பி முழுவதும் உள்ளே போனால் காலி, நாலு விரல் வெளியே நின்றால் மருந்தும் குண்டும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். மூன்றாவதையே மாதக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி, மருந்துப் பெட்டியும் குண்டுப் பொட்டலமும் மட்டும் அன்று வாங்கி வந்தேன்.

நவம்பர் முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வெளியே வந்தபோது, என் கணவரின் அண்ணன் கார்லண்ட் ஷ்ரீவ், வயது அறுபத்தாறு, என்னை நிறுத்தினார். "கடைக்காரனுக்கு ஏம்மா கொட்டிக் கொடுக்கிற? என்கிட்ட ஒண்ணு சும்மா கிடக்கு. அறுபது டாலர் குடு, போதும். நானே கழுவி வச்சிருக்கேன்" என்றார். அன்றே கொண்டுவந்தும் கொடுத்தார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. காரணம் சொல்கிறேன். என் கணவர் பெயரிலிருந்து எனக்கு வந்த மேல்மலை முப்பது ஏக்கரைத் தனக்கு விற்கும்படி மேற்படி கார்லண்ட் அந்த இலையுதிர் காலத்தில் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் மாட்டேன் என்றேன். மூன்று தடவையும் முதல் தடவை கேட்பவர் போலவே கேட்டார். அதை நான் நடிப்பு என்று நினைத்தேன். எனக்குப் பிறகு மலை ஷ்ரீவ் குடும்பத்துக்கே திரும்பும் என்பது ஊரறிந்த விஷயம். அப்படிப்பட்டவர் துப்பாக்கியைக் கிட்டத்தட்டச் சும்மா கொடுத்ததால், அதை ஐந்து நாள் சமையலறை மூலையில் சாத்திவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

டிசம்பர் ஐந்தாம் தேதி வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து, ஹோமர் காட்டியபடி கம்பியை உள்ளே விட்டேன். எட்டு விரல் வெளியே நின்றது. எடுத்துவிட்டு மறுபடியும் விட்டேன். எட்டு விரல்தான். உடனே ஹோமருக்குப் போன் செய்தேன். "ரெண்டு கெட்டிப்பு ஒண்ணுமேல ஒண்ணு கிடக்குது. சுட்டா குழல் வெடிச்சு மூஞ்சிக்கு வரும். தீப்பொறிக்கு வைக்கிற கேப்பை வைக்காத, ஒண்ணும் செய்யாத, நாளைக்கு நேரா இங்க கொண்டு வா. திருகைக் கழட்டி எடுத்துடுறேன்" என்றார். சரி என்றேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அதை எடுத்துக்கொண்டு ஹோமரிடம் போகாமல் கார்லண்ட் வீட்டுக்குப் போனேன். ஏன் என்று துணை ஷெரிஃப் கேட்கிறார். நான் சொல்லும்போது அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது.

அவர் விறகு பிளந்துகொண்டிருந்தார். "என்னம்மா, அதுக்குள்ள மான் விழுந்துடுச்சா?" என்றார். "கார்லண்ட், இதுல ரெண்டு மருந்து கிடக்கு" என்றேன். அவர் முகம் எப்படியும் போகவில்லை. சிரித்தார். "இது பள்ளிக்கூடத்து உருளைக்கிழங்கு மசியல் இல்லம்மா, கரண்டிய விட்டு ஆழம் பாக்குறதுக்கு. காலித் துப்பாக்கி. இரு, கேப் வச்சுக் காட்டுறேன், டப்புன்னு ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான்" என்றார். அதன் பிறகு கேப் எடுக்கக் கொட்டகைக்குள் போனார். தேடி எடுத்துவர இரண்டு மூன்று நிமிடம் ஆனது. அவர் மனைவி ட்ரூடி ஜன்னலிலிருந்து என்னைப் பார்த்துக் கையசைத்தார். நானும் கையசைத்தேன்.

அதன் பிறகு கார்லண்ட் வெளியே வந்து, கேப்பை வைத்து, மண்மேட்டை நோக்கிக் குழலைப் பிடித்து, "தள்ளி நில்லும்மா" என்றார். காலி என்றால் எதற்குத் தள்ளி நிற்கச் சொல்கிறார் என்று அந்த நேரத்திலும் நான் சந்தேகப்பட்டேன். ஆனால் அவர் சொல்வதற்கு முன்பே நான் என் பிக்கப் வண்டியின் இன்ஜினுக்குப் பின்னால் போய் நின்றிருந்தேன்.

குழல் வெடித்தது. கார்லண்டின் இடது கையில் கட்டைவிரலும் அடுத்த விரலும் இல்லை. முகத்தின் இடது பக்கம் முழுவதும் ரத்தம். என் கழுத்துத் துணியால் மணிக்கட்டை இறுக்கிக் கட்டினேன். அவர் என்னைப் பார்த்து, "வெண்டல் எங்க போயிட்டான்? அவனைக் கூப்பிடு, வண்டிய எடுக்கச் சொல்லு" என்றார். வெண்டலின் சவப்பெட்டியை முன்னால் நின்று தூக்கியவர் அவர்.

ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் ஆனது. அதன் பிறகு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ட்ரூடி என்னிடம் சொன்னது: "ஒரு வருஷமாவே இப்படித்தான் நெல்டா. கேட்டதையே கேப்பார். செஞ்சதையே திரும்பச் செய்வார். போன டிசம்பர்ல கெட்டிச்ச மருந்து அதுலயே இருந்திருக்கும், இந்த வருஷம் அதுமேலயே கெட்டிச்சிருப்பார். வெளிய சொன்னா லாரி லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல. உன்கிட்ட துப்பாக்கி குடுத்ததே எனக்குத் தெரியாது."

மருந்தை நான்தான் கெட்டித்தேன் என்று கார்லண்ட் மருத்துவமனையில் கூறியிருப்பதாக அறிகிறேன். நான் கெட்டிக்கவில்லை. கடையில் வாங்கிய பெட்டியும் பொட்டலமும் முத்திரை உடையாமல் இருக்கின்றன, இன்று ஒப்படைத்துவிட்டேன். அவர் பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை. அவர் அப்படி நம்புகிறார்.

கேப் எடுக்கப் போனவரைத் தடுத்தீர்களா என்று கேட்கப்பட்டது. இல்லை. எட்டு விரல் நின்றதைச் சொன்னீர்களா, ஹோமர் சொன்னதைச் சொன்னீர்களா என்று கேட்கப்பட்டது. இல்லை. நான் ஒரு தடவைதான் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்ல நேரம் இருந்தது. அவர் தெரிந்தே கொடுத்திருந்தால் சுட மாட்டார், தெரியாமல் கொடுத்திருந்தால் சுடுவார், எது என்று பார்ப்போம் என்று வண்டிக்குப் பின்னால் நின்றேன். இதை எழுத வேண்டிய அவசியமில்லை, விட்டுவிடலாம் என்று துணை ஷெரிஃப் சொன்னார். எழுதச் சொன்னது நான்.

மேலே கண்டதை எனக்கு நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. அனைத்தும் உண்மை. கூட்டவோ குறைக்கவோ என்னிடம் எதுவும் இல்லை.

(ஒப்பம்) நெல்டா ரூத் ஷ்ரீவ்
டிசம்பர் 9, முற்பகல் 11.20

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது:
(ஒப்பம்) ஹோலிஸ் க்ரம்லி, துணை ஷெரிஃப்