அக்காவின் நெஞ்சைத் திறக்க மறுத்த கைகளுக்கு

இதய அறுவைப் பிரிவின் மூத்தவரே, நலிந்த நெஞ்சங்களை நம்பிக்கையோடு தைத்தவரே, பேச்சைச் சுருக்கிப் பொறுப்பைப் பெருக்கிக்கொண்டவரே, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் பெருமதிப்பிற்குரியவரே, வணக்கம்.

இம்மடலை எழுத அமர்ந்தபோது எங்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. எங்களால் மறக்க முடியாத ஒரு கூட்டத்தில் தாங்கள் சன்னலோரம் இருந்தீர்கள் என்கிறார் மயக்க மருத்துவர். கதவருகே என்கிறார் தலைமைச் செவிலியர். சொற்கள் சில மாறியிருக்கலாம். பொறுத்தருள வேண்டும்.

வயதும் பிற நோய்களும் சேர்ந்து தளர்ந்தவருக்கு இதய வால்வு சுருங்கிவிட்டால், நெஞ்சைத் திறந்து புது வால்வு தைப்பதா, தொடையின் இரத்தக்குழாய் வழியே கதீட்டர் என்னும் மெல்லிய குழாயில் கொண்டுபோய்ப் பொருத்துவதா என்று முடிவெடுக்க வாரந்தோறும் கூட்டம் வைத்தவர் தாங்கள். அங்கே நோயாளியின் பெயரையோ உறவையோ யாரும் சொல்லக் கூடாது. "ஆள் யாருன்னு தெரிஞ்சா மனசு சாயும். உடம்பை மட்டும் சொல்லுங்க" என்பீர்கள்.

கதீட்டர் மருத்துவர் தங்களுக்கு என்றும் குழாய்க்காரம்மாதான். "இன்னிக்கும் என் ஆளைக் கடத்த வந்தாச்சா?" என்று சீண்டுவீர்கள். "நீங்க ரம்பத்தைக் கீழ வைங்க சார், அவங்களே வந்துடுவாங்க" என்பார் அவர். சிரித்து முடித்த பிறகே கூட்டம் தொடங்கும்.

ஒரு வாரம் அவர் எண்பது கடந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். புற்றுநோய்க்கு முன்பு கதிர்வீச்சு பெற்ற நெஞ்சு, பாதி வேலை செய்யும் சிறுநீரகம், நாலடி நடந்தால் மூச்சு வாங்கும் உடம்பு. தாங்கள் வழக்கம்போல் இரு பக்கமும் பேசினீர்கள். "திறந்தா பழசை வெட்டி எடுத்துட்டு உறுதியா தைக்கலாம். ஆனா இந்த நெஞ்சு ஆறணுமே. குழாய் வழியா போனா சீக்கிரம் வீட்டுக்குப் போவாங்க. வால்வு ஓரத்துல ரத்தம் கசிஞ்சா என்ன பண்றது?" கதீட்டர் என்று முடிவானது. தாங்களும் கை தூக்கினீர்கள்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோதுதான், சக்கர நாற்காலியில் காத்திருந்த அந்த நோயாளி தங்கள் அக்கா என்பது எங்களுக்குத் தெரிந்தது. தாய் இல்லாத தங்களை வளர்த்தவர், தங்களோடே வாழ்ந்தவர்.

"ஊர்ல உள்ளவங்க நெஞ்சையெல்லாம் திறந்தே. எனக்கு மட்டும் கை வைக்க மாட்டியாடா?"

"உன் உடம்பு தாங்காதுக்கா."

"தாங்கலேன்னா போறேன். உன் கையில போறேன்னு இருக்கட்டுமே."

தாங்கள் நாற்காலியைத் தாங்களே தள்ளிக்கொண்டு கதீட்டர் அறைக்குப் போனீர்கள்.

அந்த வாரமே அவர் நடந்து வீடு திரும்பினார். தங்களோடு பழையபடி பேசவில்லை என்று பின்னர் அறிந்தோம். மறு ஆண்டு வால்வின் ஓரம் கசியத் தொடங்கியது. அடைத்துப் பார்த்தார் குழாய்க்காரம்மா, பலிக்கவில்லை. மூச்சுத் திணறலோடே அக்கா மறைந்தார்.

துக்கம் முடிந்து வந்த தங்களிடம், அன்றே திறந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று குழாய்க்காரம்மா அழுதபடி கேட்டார். "ஆபரேஷன் மேஜையிலேயே போயிருக்கலாம். இன்னும் பல வருஷம் இருந்திருக்கவும் செய்யலாம். ரெண்டையும் ஒரே ஆளுக்குச் செஞ்சு பார்க்க முடியாதும்மா. அடுத்த கேஸைச் சொல்லுங்க" என்றீர்கள். அன்று தாங்கள் அவரைக் குழாய்க்காரம்மா என்று அழைக்கவில்லை. அதன் பிறகும் அழைக்கவில்லை.

தாங்கள் செய்தது சரியே என்று இங்கே பொறித்துத் தர ஆசைப்பட்டோம். எங்களுக்கும் தெரியாததை எப்படிப் பொறிப்பது? தங்கள் கையாலேயே தைக்கும் ஆசையை விட்டுவிட்டு, அவருக்கு எது தாங்கும் என்று பட்டதோ அதற்கே கை தூக்கினீர்கள் என்பதை மட்டும் அறிவோம்.

அக்கா இல்லை. கூட்டத்தை இனி கதீட்டர் மருத்துவர் நடத்துவார். தங்கள் அறுவை மேஜையருகே தங்கள் மாணவர் நிற்பார். நாளை முதல் தாங்கள் வீட்டில் இருப்பீர்கள். அங்கே வேறு யாரும் இல்லை. நீடு வாழ்க, நலமே வாழ்க என்று எழுதும்போது கை தயங்குகிறது. ஆனாலும் மனமார எழுதுகிறோம்.

என்றும் தங்கள் அன்பில்,
இதயப் பிரிவின் மருத்துவர்கள், செவிலியர்கள், பணியாளர்கள்